இருபதாவது சுற்று

“ஏத்தா, இது நிக்கும்னு நீ எதை வச்சுச் சொல்ற?”

செலின் அக்கா இப்படிக் கேட்டபோது, நான் எழுதிய டூல் ஓட ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. திரையில் சுற்று எண் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அக்கா கையில் சிவப்புப் பென்சிலோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்தக் கேள்வியில் கேலி கொஞ்சமும் கவலை கொஞ்சமும் இருந்தன. எனக்குக் கேலி மட்டும்தான் கேட்டது.

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறை மலருக்காக, வேலைக்குப் போன பிறகு கற்றுக்கொண்டதை எழுதித் தரும்படி என் பழைய ஆசிரியை கேட்டார். எனக்கு இருபத்தாறு வயது. பணி அனுபவம் எழுதுகிற வயது இல்லை. ஆனால் அடுத்த வருடம் நீங்களும் ஏதாவது ஒரு மாடி ஆபீஸில் உட்கார்ந்து, ஓடி நின்ற ஒரு புரோகிராமைப் பார்த்துவிட்டு, “முடிஞ்சிருச்சு” என்று யாரிடமாவது சொல்லப்போகிறீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. பென்சிலும் டூலும்

எங்கள் ஆபீஸ் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே பித்தளை அண்டாக்களும் ரசம் போன நிலைக்கண்ணாடிகளும். மேலே ஆறு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எட்டுப் பேர். கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம்களை இரண்டாயிரமாவது வருடத்துக்குத் தயார் செய்வதுதான் எங்கள் தொழில்.

விஷயம் எளிது. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் வருடத்தை 1998 என்று வைக்காமல் 98 என்று இரண்டு இலக்கத்தில் வைத்துவிட்டார்கள். 99க்கு அடுத்தது 00. மிஷினுக்கு 00 என்பது 98ஐவிடச் சின்ன எண். அதனால் 2000 என்பது 1998க்கு முன்னால் வந்த வருடம் என்று அது எடுத்துக்கொள்ளும். இரண்டு இலக்கத்தை நான்காக மாற்றுவது பெரிய வேலையில்லை. எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் சேர்வதற்கு முன் அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர் செலின் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். சாக்கோட்டைப் பக்கம் ஊர். மதுரையில் ஒரு அலுவலகத்தில் புரோகிராம்களைக் கார்டில் பஞ்ச் செய்யும் வேலையில் இருந்தார். அந்த மிஷின்களை எடுத்துவிட்டபோது அவர் வேலையும் போனது. ஆறு வருடம் வீட்டில் இருந்தார். பழைய புரோகிராம்களை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ராமநாதன் சார், அதாவது எங்கள் முதலாளி, தேடியபோது திரும்ப வந்தார்.

அக்காவின் முறை இது. புரோகிராமை அச்செடுத்து மேஜை நீளத்துக்கு விரிப்பார். வருடத்தை வைத்திருக்கும் ஃபீல்டை, அதாவது ஒரு எண்ணுக்குப் பெயர் வைத்து ஒதுக்கிய இடத்தை, சிவப்பில் வட்டமிடுவார். அந்த ஃபீல்டிலிருந்து எண் எந்த ஃபீல்டுக்கு நகர்கிறதோ அதற்குக் கோடு இழுத்து அதையும் வட்டமிடுவார். அங்கிருந்து அடுத்தது. கோடு இழுக்க எதுவும் மிச்சமில்லை என்றால் பென்சிலை வைப்பார். ஒரு புரோகிராமுக்கு அரை நாள். மதுரையில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி அப்போது எங்களிடம் கொடுத்திருந்தது முன்னூற்றுப் பன்னிரண்டு புரோகிராம்.

நான் அதே வேலையைச் செய்ய சி மொழியில் ஒரு டூல் எழுதினேன். வருடம் என்று பெயரிலேயே தெரிகிற ஃபீல்டுகளுக்கு முதலில் குறி போடும். பிறகு எல்லாப் புரோகிராமையும் ஒரு சுற்று படிக்கும். குறி உள்ள ஃபீல்டிலிருந்து எண் நகர்ந்தால் வாங்கிக்கொண்ட ஃபீல்டுக்கும் குறி. மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. ஒரு முழுச் சுற்றில் புதிதாக ஒரு குறிகூட விழவில்லை என்றால் நிற்கும். அதற்கு மேல் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பட்டியல்தான் வரும். பாடத்தில் இதற்கு ஃபிக்ஸ்டு பாயிண்ட் என்று பெயர்.

நிற்குமா என்று அக்கா கேட்டது இதைத்தான். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு விளக்கினேன்.

“ஊர்ல ஒரு சாவு, கேதம்னு விழுந்தா சொல்லி விடுவாகள்லக்கா? தெரிஞ்ச வீடு தெரியாத வீட்டுக்குச் சொல்லும். அந்த வீடு அடுத்த வீட்டுக்கு. ஒரு தடவை தெரிஞ்சது தெரியாமப் போகாது. ஊர்ல வீடு இவ்வளவுதான்னு இருக்கு. ஒவ்வொரு சுத்துலயும் ஒரு வீடாவது கூடணும், கூடலைன்னா நின்னுரும். அப்ப என்னைக்கு இருந்தாலும் நின்னுதானே ஆகணும்?”

அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“சரிதான். எங்க ஊர்ல இம்புட்டுச் சுத்து வேணாம். கோயில் மணியை அடிச்சா ஒரே சுத்துல முடிஞ்சிரும்” என்றார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே டூல் நின்றது. ஒன்பதாவது சுற்று. அக்கா தான் கையால் முடித்திருந்த இருபது புரோகிராம்களை என் பட்டியலோடு ஒப்பிட்டார். அவர் போட்ட வட்டம் அத்தனையும் அதில் இருந்தன. அவர் விட்டிருந்த இரண்டும் இருந்தன.

“என்னைய வீட்டுக்கு அனுப்பப் பாக்குற” என்றார் சிரித்தபடி.

என் அப்பா கல்லல் பக்கம் கூலி வேலை செய்பவர். ரேஷன் கடையில் ரேகைதான் வைப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அப்பா, “எம் மக செஞ்ச மிசினு தானா ஓடி, தானா நிக்குமாம்ல” என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் சைக்கிளில் போகும்போது கேட்டேன். கேட்காததுபோலப் போய்விட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வாழ்ந்தேன்.

ராமநாதன் சார் முறையை மாற்றினார். இனி டூல் பட்டியல் எடுக்கும். அக்கா அதைப் படித்துச் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவார். மேஜை நீளத்துக்கு விரிக்கிற வேலை நின்றது.

2. பெயரில்லாத வருடம்

அந்தப் பட்டியலில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அக்காதான்.

“வருஷம்னு பேரு வச்சிருந்தாத்தானே ஒன் டூலு பிடிக்கும். பேரில்லாமத் திரியுற வருஷமும் இருக்குத்தா. நான் மதுரையில பாத்திருக்கேன். சும்மா ஒரு கவுண்டர் மாதிரிக் கிடக்கும். ஒண்ணு ஒண்ணாக் கூட்டுவாக. கடைசியில பாத்தா அது வருஷம்.”

அது நியாயம். பெயரை வைத்துப் பிடிக்க முடியாததை எண்ணை வைத்துப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஃபீல்டிலும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வர முடியும் என்று டூல் கணக்குப் போட வேண்டும். இரண்டு இலக்க ஃபீல்டு ஒன்று 99ஐத் தாண்டப் பார்த்தால் எச்சரிக்க வேண்டும். தாண்டவே முடியாது என்றால் அதற்கு நேரே ‘ஓகே’.

பழைய டூலின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். குறிக்குப் பதில் இரண்டு எண்கள், சிறியதும் பெரியதும். சுற்றுச் சுற்றாகப் படிக்க வேண்டும். எந்த எண்ணும் மாறாத சுற்று வந்தால் நிற்க வேண்டும். மூன்று வாரத்தில் எழுதிவிட்டேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. ஊரில் வீடுகளுக்குக் கணக்கு உண்டு. எண்களுக்குக் கிடையாது. ‘ஒன்றைக் கூட்டு’ என்று, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பெரிய எண் ஒன்று கூடும். 5, அடுத்த சுற்றில் 6, அடுத்ததில் 7. லூப் எப்போது முடியும் என்று டூலுக்குத் தெரியாது. அதனால் அது கூடிக்கொண்டே போகும். அக்காவிடம் நான் சொன்ன காரணம் இந்த டூலுக்குப் பொருந்தாது. எழுதியவள் நான். எனக்கு அது தோன்றவில்லை.

3. நிற்காத ஓட்டம்

ஒரு திங்கட்கிழமை காலை அதை ஓட விட்டேன். மாலையில் நிற்கவில்லை. அதற்கென ஒரு கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுவிட்டுக் கல்லலுக்கு ரயிலேறினேன். செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தபோது சுற்று எண் முன்னூறைத் தாண்டியிருந்தது.

ராமநாதன் சார் உள்ளே வந்தவுடன் என் மேஜைக்குத்தான் வந்தார்.

“ஏம்மா, நேத்துக் காலையில போன டவுன் பஸ்ஸு, இன்னுமா ஸ்டாண்டுக்கு வரல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“மதியத்துக்குள்ள வந்துரும் சார்.”

“புதன்கிழமை மதுரைக்காரங்களுக்கு லிஸ்டு போகணும். நீ முடியும்னு சொன்னதாலதான் நான் நாள் குறிச்சேன்.”

முடியவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அந்த வாக்கியம் பழக்கமில்லை. நான் திணறினால், “நம்மளுக்கு இது வருமா” என்று சொல்லக் காத்திருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். அதனால் நான் எங்கேயும் திணறியதாகக் காட்டிக்கொண்டதில்லை.

மாறிக்கொண்டே இருக்கும் ஃபீல்டுகள் எவை என்று பார்த்தேன். நூற்றுக்கு மேல் இருந்தன. முதல் பத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பக்க எண், வரி எண். அச்சடிக்கும்போது கூடிக்கொண்டு போகிற எண்கள். மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். பதினோராவதைப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தபோது ஓட்டத்தை நிறுத்தினேன். டூலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். சுற்று எண் இருபதைத் தாண்டினால் வெளியே வந்துவிடு. மற்ற ஃபீல்டுகள் எல்லாம் ஏழெட்டுச் சுற்றிலேயே அடங்கிவிடுவதால் இருபது தாராளம் என்பது என் எண்ணம். அடங்கி வெளியே வந்தாலும், இருபது ஆகி வெளியே வந்தாலும், கடைசியில் அச்சாகிற வாசகம் ஒன்றுதான்: ‘ஆய்வு முடிந்தது’. அதை நான் மாற்றவில்லை.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எண்களை அச்சடித்தால் காகிதம் பெட்டி கணக்கில் போகும் என்று சார் ஏற்கனவே முணுமுணுத்திருந்தார். எண்களை எடுத்துவிட்டு, ‘ஓகே’, ‘பார்க்கவும்’ என்ற சொற்களை மட்டும் விட்டேன்.

மறுபடி ஓட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் நின்றது. பட்டியலைக் கிழித்து அக்காவிடம் கொண்டுபோனேன்.

“அக்கா, முடிஞ்சிருச்சு. கையெழுத்துப் போட்டுருங்க.”

அக்கா தாளைப் புரட்டினார். “இதுவும் பழைய மாதிரியேதானத்தா? கூட ஒண்ணும் சேரலைன்னாத்தான் நிக்கும், அதானே?”

“ஆமாக்கா.”

“டேட்டு மாத்துற புரோகிராம் ஒண்ணு இருக்கு. அதை மட்டும் கையால ஒருக்கப் பாத்துரவா? அரை நாளு ஆகும்.”

“வேணாம்க்கா. டூல் பாத்துருச்சு. நாளைக்கு அனுப்பணும்.”

அக்கா கையெழுத்துப் போட்டார். சிலுவைபோலக் கோடு இழுத்த ‘செ’ அவருக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார்.

4. மதுரையிலிருந்து போன்

சில மாதங்கள் கழித்து அந்தப் போன் வந்தது. ராமநாதன் சார் ஸ்பீக்கரில் போட்டார். பேசியது மதுரைக் கம்பெனியில் சரக்கு வைக்கும் கிட்டங்கியின் மேனேஜர்.

“சார், நீங்க திருத்திக் குடுத்த புரோகிராம் எங்களை நாறடிச்சிருச்சு. ரெண்டாயிரத்துல எக்ஸ்பயரி போட்ட சரக்கு இந்த மாசம்தான் வர ஆரம்பிச்சிருக்கு. வர்றது பூராவும் காலாவதின்னு காட்டுது. புதுச் சரக்கு சார்! பசங்க லிஸ்டைப் பாத்துப் பாத்து ஒதுக்கிட்டாங்க. ஒரு லோடு அழிக்கவே போயிருச்சு. கடைக்காரன் பூராவும் மருந்து எங்கன்னு கேட்டுக் கத்துறான்.”

சார் ஃபைலை எடுத்தார். அந்தப் புரோகிராமுக்கான பக்கத்தைப் பிரித்தார். எல்லா ஃபீல்டுக்கு நேரேயும் ஓகே. கீழே கையெழுத்து.

“செலினம்மா, இது யாரு கையெழுத்து?”

“என்னதுதான் சார்.”

“பாத்துத்தானே போட்டீக?”

அக்கா என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிற பார்வை.

“லிஸ்டைப் பாத்தேன் சார். புரோகிராமைப் பிரிச்சுப் பாக்கல.”

“அப்ப எதைத்தான் சரிபாத்தீக?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அவர் பார்க்கிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. டூலில் தவறு இருக்காது, வேறு எங்கேயோதான் இருக்கும், முதலில் அதைக் கண்டுபிடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த வாரக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி அக்காவிடம் சார் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அக்கா டிபன் பாக்ஸையும் பென்சில்களையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். “வரேன்த்தா” என்று வழக்கம்போலச் சொன்னார்.

5. எழுபத்திரண்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு

திங்கட்கிழமை அந்தப் புரோகிராமை எடுத்தேன். அக்கா கையால் பார்க்கட்டுமா என்று கேட்ட அதே புரோகிராம்.

கம்பெனி 1972இல் தொடங்கியது. தேதியை அவர்கள் அந்த வருடத்திலிருந்து எத்தனையாவது நாள் என்று வைத்திருந்தார்கள். நாளை வருடமாக மாற்ற ஒரு லூப். ஒரு கவுண்டரில் 72 என்று வைத்துக்கொள்வது. நாட்களிலிருந்து ஒரு வருடத்தைக் கழித்துக் கவுண்டரில் ஒன்று கூட்டுவது. நாட்கள் தீரும்வரை இதைச் செய்வது. அந்தக் கவுண்டர்தான் வருடம். அக்கா சொன்ன, பெயரில்லாமல் திரியும் வருடம்.

டூலில் எண்களை அச்சடிக்கும் வரியைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். அந்தக் கவுண்டருக்கு நேரே வந்தது: 72 முதல் 92 வரை. ஓகே.

முதல் சுற்றில் 73. இரண்டாவதில் 74. இருபதாவதில் 92. அங்கே நான் கதவைச் சாத்தியிருந்தேன். இன்னும் எட்டுச் சுற்று விட்டிருந்தால் 100 வந்திருக்கும், எச்சரித்திருக்கும். நான் நிறுத்திய அந்தத் திங்கட்கிழமை ஓட்டத்துக்கு விடை எப்போதோ தெரிந்திருந்தது. கடைசியில்தான் அச்சடிக்க வேண்டும் என்று எழுதியிருந்ததால் அது சொல்லவில்லை. கடைசி வர நான் விடவில்லை.

அன்று மாலைவரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே. டூலு தப்புன்னா அடுத்த ஆர்டரை ஒருத்தனும் தரமாட்டான். ஆள் தப்புன்னா, ஆளை மாத்தியாச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமே சார்.”

“கூப்பிட்டா என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?”

நான் டூலைத் திருத்தப் போய்விட்டேன். ஒரு நூலகத்தில் கிடைத்த வெளிநாட்டுக் கட்டுரையின் ஜெராக்ஸிலிருந்து வழி கிடைத்தது. வைடனிங் என்று பெயர். ஒரு எண் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போவதைக் கண்டால், எதுவரை போகும் என்று காத்திருக்கக் கூடாது. அதற்கு மேல் எல்லை இல்லை என்று உடனே எழுதிவிட வேண்டும். எல்லை இல்லாததற்கு மேல் கூடுவதற்கு எதுவும் இல்லை. அதனால் டூல் நிச்சயம் நிற்கும்.

இரண்டு வகையிலும் டூல் நிற்கிறது. என் வகையில், பார்த்தது இவ்வளவுதான் என்பதை, இருப்பதே இவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிறது. இந்த வகையில், தேவையில்லாத சந்தேகம் பத்து வரும். பக்க எண்ணுக்கெல்லாம் ‘பார்க்கவும்’ என்று எழுதும். ஆள் உட்கார்ந்து அரை அரை நாளாகப் பார்க்க வேண்டும். ஆனால் உண்மையில் நடக்கக்கூடிய எதுவும் விட்டுப்போகாது. உங்களுக்கு நான் தர வேண்டிய பாடம் இதுதான். அதிகமாகச் சந்தேகப்படுகிற டூலை அனுப்பலாம். பாதியில் நிறுத்தியதை முடிந்தது என்று அனுப்பக் கூடாது.

இதைத் திருத்தி முடித்தபோது ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதம் அந்த மகிழ்ச்சியிலேயே போய்விட்டது.

6. சாக்கோட்டைப் பக்கம்

போன மாதம் திருச்சியிலிருந்து ஒருவர் எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தார். செலின் என்று ஒருவர் வேலை கேட்டிருப்பதாகவும், எப்படி என்றும் விசாரித்தார்.

“கையெழுத்து நல்லாப் போடுவாக” என்றார் ராமநாதன் சார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன். அக்கா சர்ச்சில் பூசை முடிந்து வந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

“வாத்தா. எட்டு மாசமாச்சா வழி கண்டுபிடிக்க?”

உட்கார்ந்தேன். இருபது சுற்று, 72, 92, எல்லாவற்றையும் சொன்னேன். கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

“தொண்ணூத்திரெண்டா?”

“ஆமாக்கா.”

“நம்ம இருந்தது தொண்ணூத்தெட்டுல.”

“ஆமாக்கா.”

“அந்த நம்பரை மட்டும் நீ தாள்ல விட்டிருந்தீன்னா, ஏத்தா, முடிஞ்சு போன வருசத்துலயே ஒன் டூலு நிக்குதேன்னு நான் கேட்டிருக்க மாட்டேனா? கோபால் தெரியாதவகூடக் கேப்பா.”

“கேட்டிருப்பீக.”

“லிஸ்டுல போட்டிருந்து, நான்தான் வாசிக்கையில ஒரு வரியை விட்டுட்டேன்னு நெனச்சேன். கண்ணு போச்சுன்னு கண்ணாடியை மாத்திட்டேன்த்தா.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். “இந்தா பாரு. இதைப் போட்டா தலைதான் வலிக்குது.”

“மன்னிச்சிருங்கக்கா.”

“அது நமக்குள்ள. அதைத் திருச்சிக்காரன்கிட்டக் கொண்டுபோயிக் காட்டவா முடியும்? எழுதிக் குடு. டூலு முடியல, நான்தான் முடிஞ்சதுன்னு சொன்னேன், அவுக பாக்குறேன்னு கேட்டாக, நான்தான் வேணாம்னேன்னு எழுது. ஒன் பேரைப் போட்டு எழுது. மதுரைக்காரனுக்கும் ஒண்ணு அனுப்பு.”

“எழுதுனா எனக்கு வேலை போயிரும்க்கா.”

சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறத்தை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டார்.

“எனக்குப் போனப்ப, நீ அங்குட்டுத்தானத்தா நின்னே.”

கிளம்பும்போது, சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை அப்படி அனுப்ப மாட்டார்கள்.

7. திங்கட்கிழமை

கடிதம் எழுத ஒரு வாரம் ஆனது. முதலில் எழுதியதில் ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று இருந்தது. கிழித்துவிட்டு ‘நான் செய்தேன்’ என்று எழுதினேன். எந்த வரியைச் சேர்த்தேன், எந்த எண்களை அச்சிலிருந்து எடுத்தேன், அக்கா என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 72 முதல் 92 வரை என்று வந்த தாளின் ஜெராக்ஸையும் இணைத்தேன். இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு அதே இருபது சுற்று டூலால் பட்டியல் போயிருந்தது. அவர்களுடைய புரோகிராம்களைத் திருத்திய டூலில் ஓட்டினேன். சந்தேகம் வந்த இடங்களை மேஜையில் விரித்துக் கையால் பார்த்தேன். ஐந்து இடங்கள் உண்மையாகவே தவறு. அவற்றைத் தனித் தாளில் எழுதி, அவரவருக்கு உரிய கடிதத்தோடு வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஆபீஸில் இருந்தேன். ராமநாதன் சார் வந்து உட்கார்ந்ததும் நகலை அவர் மேஜையில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடித்த பிறகு, தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார்.

“இதை எல்லாருக்கும் அனுப்பப் போறியா?”

“சனிக்கிழமையே ரிஜிஸ்டர் தபால்ல சேத்துட்டேன் சார். அக்காவுக்கு நேத்துக் கையில குடுத்துட்டேன்.”